பெயர் வைக்காத ஆறாவது பாட்டு

ஆல்பம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நான் அப்போது திருவொற்றியூரில், கடலோரச் சாலையில், துறைமுகக் கேட்டுக்குப் போகிற டிரெய்லர் வரிசையில் நின்றிருந்தேன். ஒரு பக்கம் கடலை மறிக்கக் கொட்டிய கருங்கல், இன்னொரு பக்கம் வீடுகள், நடுவில் பெட்டி சுமந்த வண்டிகள். கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். முதல் நாள் மத்தியானம் வரிசையில் சேர்ந்தவன் நான். கேட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது. கப்பலுக்கான பெட்டிகளை அன்று மாலை ஐந்து மணி வரை எடுப்பார்கள்.

பாடியது ராயபுரத்துப் பெண். நாலு பேர் கொண்ட ஒரு குழுவில் மூன்றாவது குரலாக இருந்தவள். எங்கள் பக்கத்தில் அந்தக் குழுவைத் தெரியாதவர்கள் குறைவு. ஒவ்வொரு பாட்டிலும் கடைசியில் ஒரே ஒரு வரி அவளுக்குக் கொடுப்பார்கள். அந்த வரிக்காகத்தான் நான் மீதிப் பாட்டைக் கேட்பேன். போன வருஷம் குழுவிலிருந்து விலகினாள். ஏன் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. இப்போது தனியாக அவளுடைய முதல் ஆல்பம், ஒன்பது பாட்டு.

ஒரு இடத்திலிருந்து விலகிப் போகிறவர்களை எனக்குப் பிடிக்கும். நானே அப்படி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், மணலியில் டேங்கர் கழுவினேன், மைக்செட்டுக்காரரிடம் ஸ்பீக்கர் பெட்டி தூக்கினேன். அந்த வேலையில்தான் அதிகமாக, இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு வண்டி ஓட்டப் போன மூன்று இடங்களில் சொல்லாமல் கொள்ளாமல் சாவியை சீட்டில் வைத்துவிட்டு நடந்திருக்கிறேன். சண்டை எதுவும் இருக்காது. ஒரு நாள் கால் நிற்காது, அவ்வளவுதான்.

அதனால் என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சடையங்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. போகும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "பள்ளிக்கூடம் தொறக்கறவரைக்கும் இந்த ஒரு வண்டிய ஓட்டு. ஓட்டிக் காட்டுனா வரேன். நடுவுல எறங்குனியா, என்னைத் தேடிகினு அந்தப் பக்கம் வராதே." பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த டிரெய்லரில் நான் இருந்தால் குடும்பம் உண்டு, இறங்கினால் இல்லை. கணக்கு எளிதுதான்.

முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. வழவழவென்று இருந்தது, புது மாலில் கேட்கிற பாட்டு மாதிரி. இரண்டாவதில் அவள் குரலையே மெஷினில் போட்டு நசுக்கியிருந்தார்கள். இதற்காகவா தனியாக வந்தாய் என்று கோபம் வந்தது. மூன்றாவது பரவாயில்லை, குழந்தைகள் ஆடுவார்கள். நாலாவதில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது நினைவில் இல்லை. அதற்குள் வரிசை இரண்டு வண்டி நகர்ந்தது.

ஆறாவது பாட்டில் வேறு வாத்தியமே கிடையாது. ஒரு டேப் மட்டும், சாவு வீட்டில் கானாவுக்கு அடிக்கிற அந்தத் தோல் வாத்தியம். சாவு வீட்டுக் கானாவில் நாலாவது அடி முடிகிற இடத்தில் செத்தவரின் பெயரை வைத்துப் பாடுவார்கள். பாட வருகிறவர் காபி குடிப்பதற்கு முன்பே வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்ன என்று கேட்டுக்கொள்வார். ரேஷன் கார்டுப் பெயரை வைத்தால் யாரும் அழ மாட்டார்கள். சரியான பெயர் வந்ததும் பெண்கள் உடைந்துபோவார்கள். மைக்செட்டில் நான் செய்த ஒரே நுட்பமான வேலை, அந்த இடத்தில் ஒலியைக் குறைப்பதுதான். இல்லாவிட்டால் அழுகை மைக்கில் ஏறி ஸ்பீக்கர் கூவும்.

இவள் நாலாவது அடி வரை அப்படியே வந்தாள். பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. டேப்பும் நின்றது. ஒரு பெயர் சொல்கிற நேரம் வெறுமையாகப் போனது, பிறகு ஐந்தாவது அடி. ஒவ்வொரு சரணத்திலும் அதே மாதிரி. வேறு ஊர்க்காரர்கள் இதை ஸ்டைல் என்று நினைப்பார்கள். என் கை பழைய பழக்கத்தில் ஒலியைக் குறைக்கப் போனது.

எனக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர் வியாசர்பாடிக்காரர். ஐம்பது வயது இருக்கும். அவரும் கேபினில் சத்தமாக அதையேதான் போட்டிருந்தார். இறங்கி வந்து என் கதவைத் தட்டினார்.

"கேட்டியா நைனா? கும்பல்ல பாடச்சொல்லோ எப்டி கீது, தனியா வந்து எப்டி கீது பாத்தியா? பேஜாரு."

"ஆறாவது கேட்டியா அண்ணாத்தே?"

"அத்த கேட்டுட்டுதான் எறங்கி வந்தேன். பேரு வெக்காம சாவுப் பாட்டு பாடலாமா? யாருக்கு நைனா அது? எடத்த காலியா வுட்டா கேக்கறவன் பேரு போயி குந்திக்கும்."

"பாட்டுதான? அவ இஷ்டம்."

"அவ இஷ்டம் இன்னா? கும்பல வுட்டு ஓடி வந்தவ. ஓடறவங்களுக்கு எதுலயும் ஒரு பேரு நிக்காது." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் பேரு போட்டுக்கோ. கரெக்டா குந்தும். எத்தினி வேல மாத்துன நீ, பதினொன்னா?"

"ஒம்போது."

"ரெண்டு கொறச்சி சொல்றான் பாரு! பொண்டாட்டியும் அங்க, புள்ளயும் அங்க. வூட்டுல உன்னைக் கூப்புட ஆளே இல்ல. அப்புறம் எந்தப் பேர வெப்பாங்க?"

கேலிதான். வரிசையில் நிற்கிற இரண்டு நாளும் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம். முந்தின நாள் அவர் சாப்பாட்டில் பாதியை நான்தான் தின்றேன். ஆனால் அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. "உன் வேலையப் பாரு அண்ணாத்தே" என்று இறங்கிக் கடல் பக்கம் நடந்தேன்.

வரிசையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இறங்கிப் போகிறவன் சாவியை முன் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வரிசை நகர்ந்தால் அவர் தன் வண்டியை நகர்த்திவிட்டு ஓடி வந்து நம்முடையதையும் நகர்த்துவார். குளிப்பது, கக்கூஸ் போவது, தூங்குவது எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. சாவி இல்லாமல் நிற்கிற வண்டியைப் பின்னால் இருப்பவர்கள் ஸ்டீயரிங்கை ஒடித்து முந்திப் போவார்கள். அதில் தப்பும் கிடையாது, திரும்பக் கேட்கவும் முடியாது. அன்று நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மறந்து அல்ல. அவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

கல்லின் மேல் உட்கார்ந்து ஆறாவது பாட்டைத் திரும்பப் போட்டேன். வெறுமையான இடம் வந்தபோது, ஐஸ் உடைத்த நாட்களில் செத்துப்போன ஒரு கூட்டாளியின் பெயரை மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, நீளமான பெயர். என் அப்பாவின் பெயரை வைத்தேன். அடுத்த தடவை என் பெயரை, மனைவி கூப்பிடுகிற சின்ன வடிவத்தில் வைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பயத்தில் நிறுத்தினேன். பிறகு நிஜமாகவே உட்காருகிறதா என்று மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை. காதில் இயர்போன், எதிரில் அலை. பின்னால் ஹாரன் அடித்தார்களாம். எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டித் திரும்பி வந்தபோது எனக்கு முன்னால் வியாசர்பாடிக்காரர் இல்லை. முன்பின் தெரியாத வண்டிகள் கண்ணுக்கு எட்டிய வரை நின்றன. என் டிரெய்லர் மட்டும் இடது ஓரத்தில், யாரோ விட்டுவிட்டுப் போன மாடு மாதிரி இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்தேன். அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை, ஐந்து மணி ஆனது. பெட்டி கப்பலைத் தவறவிட்டது.

முதலில் வியாசர்பாடிக்காரர்தான் போன் செய்தார். கேட்டுக்குள் போயிருந்தார். "கோவம்னா என்னை ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாமேடா. சாவிய ஏண்டா எடுத்துகினு போன? நான் வந்து வந்து பாத்தேன்." குரலில் கேலி இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் பை சீட்டுக்குப் பின்னால் எப்போதும் கட்டியே இருக்கும். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதலாளி கூப்பிடுவதற்குள் சாவியை சீட்டில் வைத்துவிட்டு ரயிலடிக்கு நடந்துவிடலாம். அவர் கூப்பிட்டபோது ஒரு கால் படியில் இருந்தது. இப்படிக் கிளம்பும்போது எப்போதும் போனை எடுக்க மாட்டேன். எடுத்தேன்.

"ஏன்யா போவல?"

"பாட்டு கேட்டுகினு இருந்தேன்."

"இன்னாது?"

"பாட்டு. வண்டி நகந்தது தெரியல."

"டயர் போச்சுன்னாவது சொல்லித் தொலைய மாட்டியா? இத்த நான் பார்ட்டிகிட்ட எப்டிய்யா சொல்றது?" பிறகு நிறையத் திட்டினார். கடைசியில், "அடுத்த கப்பலுக்கு நாலு நாள் கீது. மாதவரம் யார்டுக்குக் கொணாந்து நிறுத்திட்டு வண்டிலயே கெட. எறங்கி ஓடுனன்னு தெரிஞ்சிது..." என்றார். என் பழைய கதை அவருக்கும் தெரிந்திருந்தது.

மாதவரம் போய்ச் சேர்ந்ததும் மனைவிக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எடுத்தவுடன் அவள் கேட்டது, "வண்டிய வுட்டுட்டியா?"

"இல்ல. வண்டிலதான் குந்திகினு கீறேன்."

"எந்தப் பாட்டு?"

"ஆறாவது."

"ஐய, அதுவா? நானும் புள்ளயும் அத்த தள்ளிவுட்டுட்டு ஏழாவதுக்குப் போயிருவோம். புள்ளைக்கு மூணாவதுதான், நாளு பூரா அதே." சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இந்தப் பெட்டிய உள்ள வுட்டுட்டு போட்டோ அனுப்பு. அப்புறம் பேசலாம்."

அந்த நாலு நாள் போல எனக்கு எந்த வேலையும் கடினமாக இருந்ததில்லை. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. யார்டில் புழுதி, கொசு, பக்கத்தில் பால் வண்டிகளின் இரைச்சல். ஏழு, எட்டு, ஒன்பதைக் கேட்டேன். ஒன்பதாவதில் அவள் குரல் உடைந்து தாளத்தை ஒரு இடத்தில் விட்டுவிடுகிறது. குழுவில் இருந்திருந்தால் வேறு மூன்று பேர் அதை மூடியிருப்பார்கள். முதல் பாட்டை மறுபடி கேட்டபோதும் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் பஸ் நிலையம் வரை நடந்துவிட்டேன். நெல்லூர் வண்டிக்காரர் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். "ஏறுப்பா, சீட்டு கீது." ஒரு டீ குடித்தேன். அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. வெயில் ஏறியதும் யார்டுக்குத் திரும்பினேன்.

முந்தின நாளே மறுபடி வரிசையில் சேர்ந்து, ஐந்தாம் நாள் பதினோரு மணிக்குப் பெட்டியை உள்ளே இறக்கினேன். காலியான டிரெய்லரையும் பின்னால் தெரிகிற கிரேனையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். மத்தியானம் வரை பதில் இல்லை. பிறகு அவள் குரலில் ஒரு செய்தி வந்தது. பின்னணியில் மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம வா. புள்ளய ரெண்டு நாள் கூட்டிகினு போ, உன்னத்தான் கேக்குது. நான் இப்ப வரல. பள்ளிக்கூடம் தொறக்கட்டும், பாக்கலாம்."

இரண்டு தடவை கேட்டேன். அடுத்த பெட்டி ஏற்ற எங்கே போக வேண்டும் என்று முதலாளியைக் கேட்க போனை எடுத்தேன்.