முகம் வெட்டாத தகடு

"போர்மேன் போயிட்டாரு, சார்." நாரணாபுரத்திலிருந்து மாரியம்மாள் போனில் சொன்னார். மரத்திலும் இரும்புத் தகட்டிலும் சுவர்ச் சிற்பங்கள் செய்த பால்ராஜ் அண்ணாச்சியை உங்களில் பலர் கலைஞராகவே அறிவீர்கள். மாரியம்மாளுக்கு அவர் கடைசிவரை போர்மேன்தான்.

முன்பு ஒரு பட்டாசு ஆலையில் அவருக்கு அந்த வேலை. சீசனில் ஆர்டரை முடிப்பதற்காக, ஓர் அறையில் கூடாத அளவுக்கு ஆட்களை உட்கார வைத்தார். லோடு ஏற்றுவதைப் பார்க்க அவர் வெளியே வந்த நேரத்தில் அறை வெடித்தது. இறந்தவர்களில் மாரியம்மாளின் கணவரும் ஒருவர். சிறைக்குப் போய்த் திரும்பிய அண்ணாச்சி யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. திருத்தங்கலில் என் அச்சகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தனியாகத் தகடு வெட்டிக்கொண்டிருப்பார்.

மதுரையில் ஒரு கண்காட்சியில் அவர் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். "கூசுது தம்பி, வாங்க போயிருவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதன்பின்தான் அந்தப் பெரிய வேலையைத் தொடங்கினார். வேப்பம்பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தகட்டு மனிதர்கள். கேள்விப்பட்டு மாரியம்மாள் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு எது?"

அண்ணாச்சி ஓர் உருவத்தைக் காட்டினார்.

"இவரா? அவரு எந்நேரமும் வெத்தலைய ஒதுக்கியிருப்பாரு. கன்னம் உப்பிக்கிட்டுல்ல இருக்கும்."

"என்னைய மன்னிச்சு..." என்று அண்ணாச்சி தொடங்கினார்.

"அதக் கேக்காதீக. எனக்குக் குடுக்க வராது. கன்னத்தச் சரி பண்ணுங்க."

சரி செய்தார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போனார். இறந்தவர் எப்படி இருப்பார் என்று வாசலில் நின்றே கேட்டார். பலர் திட்டினார்கள், திட்டி முடித்துச் சொன்னார்கள். அந்தச் சிற்பம் இப்போது நாரணாபுரத்தில் ஒரு பொதுக் கூடத்தில் இருக்கிறது.

அடக்கத்துக்கு மாரியம்மாள் வந்திருந்தார். "அழுகை வரல சார். ஆனா இங்க வராம இருக்க முடியல" என்றார்.

நான் நினைவில் வைத்துக்கொள்வது, அப்படி வீடு வீடாகப் போனபோது எம். புதுப்பட்டியில் நடந்ததை. என் பைக்கில்தான் போனோம். மகளைப் பறிகொடுத்த ஒரு பெரியவர், "எம் மக மொகத்த நீ செய்யப் போறியா? போலே!" என்று கதவைச் சாத்தினார். எனக்குக் கோபம் வந்தது. "எடுத்துச் சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி?"

"அவரு சொன்னதுதான் சரி, தம்பி. எனக்கு என்ன பேச்சு இருக்கு?"

அந்தப் பெண்ணின் தகட்டை முகம் வெட்டாமலே பலகையில் பொருத்தினார். தன் வெட்கத்தை அவர் யார் வாசலிலும் இறக்கி வைக்கவில்லை.