எதுவானாலும் சரி

பெயின்ட் கடையில் வேலை பார்ப்பவருக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை, எந்த நிறமும் பிடிக்காமலும் இல்லை என்றால் அந்தக் கடை எப்படி உருப்படும்? நம் பெயின்ட்காரர் அப்படித்தான் இருந்தார். கலர் அட்டையை விரித்து, "எது நல்லாருக்கும்?" என்று யாராவது கேட்டால், "எல்லாமே நல்லாருக்கும்" என்பார். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

மனிதர் ஒன்பது வருடம் ஓர் ஆன்மிக இயக்கத்தில் கிடந்துவிட்டு வந்தவர். விருப்பம்தான் மனிதனைப் பிடித்த நோய் என்பது அங்கே முதல் பாடம். எப்போது எழுவது, எதைச் சாப்பிடுவது, யாரோடு பேசுவது எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்வார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனவர் அதில் முதல் மாணவர். பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாதவருக்கு அங்கே 'விருப்பமற்றவர்' என்று பட்டமே கொடுத்தார்கள். அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆசையை ஜெயித்தவனுக்குப் பட்டத்தின் மேல் இவ்வளவு ஆசை எதற்கு என்று அப்போது உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் அவருக்கே சிரிப்பு வருகிறது.

குருவுக்குப் புது மெத்தை வந்தது. அது போதுமான அளவு மெத்தென்று இல்லையென்று குரு போட்ட கூச்சலில் நம்மவருக்குக் கண் திறந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அக்கா "டீயா, காபியா?" என்று கேட்டாலும் "உன் இஷ்டம்க்கா" தான். பொறுத்துப் பார்த்து ஒருநாள் அவள் வெறும் வெந்நீரைக் கொடுத்தாள். அதையும் குடித்தார்.

மனைவியைப் பார்க்கப் போனபோது அவள் வாசலிலேயே நிறுத்தி, "எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"நீ கூப்பிட்டா வரேன், வேணாம்னா போறேன். உன் இஷ்டம்."

ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைப்பு. அவள் கதவைச் சாத்திவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பூங்காவில் பார்க்க மட்டும் அனுமதி.

போன வாரம் மனைவியே கடைக்கு வந்தாள். படுக்கையறைச் சுவர் செதில் செதிலாக உதிர்கிறதாம். அட்டையைப் புரட்டி, ஓர் அடர்ந்த ஊதாவில் விரலை வைத்தாள்.

"இது எப்படி?"

"எதுவானாலும் சரி."

"அந்த ரூம்ல நீங்களும் இருக்கிறதா இருந்தா?"

'உன் இஷ்டம்' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் இவள் ஒரேயடியாகப் போய்விடுவாள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பயந்துகொண்டே அந்த ஊதாவை இன்னொரு முறை பார்த்தார்.

"கண்றாவியா இருக்கு," என்றார்.

கடையே திரும்பிப் பார்த்தது. "ஏம்பா, அது நம்மகிட்ட இருக்கிறதுலயே விலை கூடின பெயின்ட்டுப்பா!" என்று முதலாளி அலறினார்.

"இருக்கட்டும் முதலாளி. எனக்குப் பிடிக்கலை. அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு என்னால தூங்க முடியாது."

ஒன்பது வருடத்துப் பட்டம் அத்தனை பேர் முன்னால் பறிபோனது.

"அப்ப எது பிடிக்கும்?" என்றாள் மனைவி.

"அது தெரியலை. யோசிக்கணும்." அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆனா எனக்கு வீட்டுக்கு வரணும் போல இருக்கு. நீ வேணாம்னு சொன்னாலும் வரணும் போலத்தான் இருக்கு."

அவளுக்குக் கண் கலங்கியது. அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பிறகு அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஊதாதான் பிடிச்சிருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, சண்டை போடலாம்."