பின்கதவை மறித்த குளம்

அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகித் தாம்பரம் வந்தேன். தோட்டத்துப் பின்கதவு வழியாக அடுத்த தெரு டீச்சர் அக்காவைப் பார்த்து வருவது மட்டுமே எனக்கு ஆறுதல். முன்வாசலில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே, எதற்கு என்று கேட்பார்.

ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் என் கணவர் தோட்டத்தில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். சில வாரங்களில் சிமென்ட் பூசி, கருங்கல்லில் விளிம்பு கட்டி, சுற்றிலும் கல்வாழை நட்டு, சிவப்பும் வெள்ளையுமான கெண்டை மீன்களை விட்டார்.

"இனிமே உனக்கு வெளியில போகவே தோணாது, பாரேன்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார்.

மறுநாள் பின்கதவை இழுத்தேன். உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. கருங்கல்லில் இடித்து, கை நுழையுமளவுக்குத்தான் திறந்தது.

"கதவு திறக்கலைங்க. கல்லைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா?" என்று அன்று மாலையே கேட்டேன்.

"அதான் முன்வாசல் இருக்கே" என்றார், மீன்களைப் பார்த்தபடி.

அதன்பின் அக்காதான் கதவருகே வந்து, அந்த இடுக்கு வழியாக வாரப் பத்திரிகை நீட்டுவார். கூடுவாஞ்சேரிக்கு மாற்றலாகிப் போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தபோதும், இடுக்கில் விட்ட அவர் விரல்களைத்தான் பிடித்துக்கொண்டேன். மாமனாரிடம் கேட்டிருந்தால் அன்று ஒருநாள் விட்டிருப்பார். கேட்க எனக்கு வாய் வரவில்லை.