வெண்கலத்தில் ஒரு வழுக்கை

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறவருக்கு இருபத்து நான்கு வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. இருபத்தெட்டில் கொட்ட ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு அவர் தலைக்கு மேலே எதுவும் முளைக்கவில்லை. உள்ளேயும் அப்படித்தான் என்பது அவர் மனைவியின் கருத்து, அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை.

லிப்ட்காரர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதைப் பார்த்தபடியே நிற்பார். ஏறுகிறவர்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். ஆக, அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த அத்தனை பேரும் இருபத்தைந்து வருடமாக அவர் முகத்தைப் பார்த்ததைவிடப் பின்மண்டையைப் பார்த்ததுதான் அதிகம். அதைக் கண்ணாடியாக வைத்துத் தலை வாரிக்கொள்கிற போக்கிரிகளும் உண்டு. அந்தப் போக்கிரிகளுக்குத் தலைவன் வேறு யாருமில்லை, அவருடைய மச்சினன், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. மூன்றாம் மாடியில் டைப் அடிக்கிறவன். சீப்பு போனால் திரும்பி வராது என்கிற அளவுக்குச் சுருட்டை முடி அவனுக்கு.

"அத்தான், கொஞ்சம் குனிங்க. வகிடு நேரா இருக்கான்னு பாத்துக்கறேன்" என்பான். லிப்டில் இருக்கிற எட்டுப் பேரும் சிரிப்பார்கள். லிப்ட்காரரும் சிரித்துவைப்பார். வேறென்ன செய்வது, பெண் எடுத்த இடமாயிற்றே.

இப்படி ஒருவர் கால் நூற்றாண்டு சிரித்துவைத்தால் உள்ளே என்ன ஆகும்? ஆணவம்தான் ஊறும். முடி உள்ளவர்களையெல்லாம் அவர் மனதுக்குள் ஆடு மாடு கணக்கில் சேர்த்துவிட்டார். அறிவு ஏற ஏற முடி இறங்கும் என்று காவலாளியிடம் சொல்வார். காவலாளிக்குப் பாதிதான் வழுக்கை என்பதால் அவனும் பாதி ஒப்புக்கொள்வான்.

அந்த வருடம் கம்பெனிக்கு ஐம்பது நிறைந்தது. கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் தலையை வெண்கலத்தில் வார்த்து வாசலில் வைக்க வேண்டும் என்று அவர் மகனுக்கு, அதாவது இப்போதைய முதலாளிக்கு, ஆசை. அப்பாவிடம் உயிரோடு இருக்கும்போது நாலு வார்த்தை பேசாதவர்களுக்குத்தான் இந்த மாதிரி ஆசைகள் வரும். ஒரு சிற்பியைப் பிடித்து வந்தார்கள். ஒரு சிக்கல். பெரியவரும் வழுக்கை. மிஞ்சியிருந்த போட்டோக்கள் இரண்டு, இரண்டும் நேர் முகம். முகம் கிடைத்துவிட்டது, உச்சி எப்படி இருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை.

சிற்பிக்கு லிப்டில் நம்பிக்கை கிடையாது. மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தவர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி வழிந்த லிப்ட்காரரின் உச்சியைப் பார்த்தார். "அதோ! அந்த மண்டை!" என்று கத்தினார். லிப்ட்காரர் தூங்கினதற்காகத்தான் திட்டுகிறார்கள் என்று எழுந்து சலாம் வைத்தார்.

விஷயம் தெரிந்த பிறகு அவர் கால் தரையில் பாவவில்லை. "புருவத்துக்குக் கீழ பெரியவர், மேல நான்" என்று மாடிக்கு மாடி நிறுத்திச் சொன்னார். ஐந்து மாடிக்கும் சொல்லிவிட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த காவலாளி மனைவிக்கும் சொன்னார். மச்சினனிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

"இனிமே ஆபீசுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இந்தத் தலைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் நீ வரணும். தெரியுமில்ல?"

"தாராளமா போடறேன் அத்தான். ஆனா அது உங்க தலைதான்னு எனக்கு அடையாளம் தெரியணுமே."

"ஏன் தெரியாது? இத்தனை வருஷமா அதுலதானே மூஞ்சி பாத்த?"

வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சினன் சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நகர்ந்தான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே லிப்ட்காரர் எதையும் செய்யத் தயாராகிவிட்டார். வெண்கலம் என்றால் நூறு வருடம், இருநூறு வருடம். அவர் போன பிறகும் அந்தத் தலை அங்கேயே இருக்கும். வழவழவென்று, குறையில்லாமல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது.

கட்டடத்துக்குப் பின்னால் பழைய மேஜை நாற்காலி போட்டுவைத்திருந்த தகரக் கொட்டகையைச் சிற்பிக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, லிப்ட்காரர் அங்கே முக்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். லிப்டைக் காவலாளி பார்த்துக்கொள்வான். கொட்டகையின் மூலையில் ஒரு பெரிய பீப்பாய். சிற்பி முன்பே களிமண்ணை ஊறப்போட்டு அப்படியே கொண்டுவந்து இறக்கியது. மேலே ஒரு ஜாண் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் கொசு பிறந்தது, வளர்ந்தது, பகலென்றும் பாராமல் கிளம்பி வந்து லிப்ட்காரரின் தலையில் உட்கார்ந்தது.

சிற்பிக்கு ஒரு கவலையும் இல்லை. தலையில் புதர், முகத்தில் புதர், கையில் முழங்கை வரை காய்ந்த களிமண். கொசு அவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிப் போகும். கொட்டகையில் விளைச்சலில்லாத வெற்று நிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லிப்ட்காரருக்கோ கொசு கடித்தால் மற்றவர்களுக்குத் தடிப்பதுபோல் தடிக்காது, கொண்டைக்கடலை அளவுக்கு வீங்கி இரண்டு நாள் நிற்கும்.

முதல் நாள் நாலு கடி. மறுநாள் போனால் களிமண் தலையில் அதே இடத்தில் நாலு உருண்டை ஒட்டியிருந்தது.

"சார், இது என்ன சார்?"

"உங்க தலையில இருக்கு. அதான் வெச்சேன்."

"அது கொசுக்கடி சார்! நாளைக்கு வடிஞ்சிரும்."

"வடிஞ்சா எடுத்துடுவேன். கண்ணு பாக்கறதைத்தான் என் கை செய்யும். இல்லாததை வைக்கவும் மாட்டேன், இருக்கறதை மறைக்கவும் மாட்டேன்."

பெரிய சத்தியவான். செத்துப்போனவரின் முகத்துக்கு மேல் லிப்ட்காரரின் மண்டையைக் கவிழ்க்கிறபோது இந்தச் சத்தியம் எங்கே போயிருந்தது என்று கேட்க அங்கே ஆளில்லை. பழைய நாலு வடிவதற்குள் புதிதாக ஆறு வந்துவிடும். சிற்பி இங்கே எடுத்து அங்கே வைப்பார். ஐந்தாம் நாள் அந்தத் தலையைப் பார்த்தால் அம்மை கண்டவர் மாதிரி இருந்தது.

லிப்ட்காரர் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சைத் தைலம் தடவிக்கொண்டு போனார். தலை பளபளக்கிறது, மேடு பள்ளம் தெரியவில்லை என்று சிற்பி ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டார். கொசுவர்த்தி ஏற்றினார். சிற்பி இருமு இருமென்று இருமி அதைக் காலால் நசுக்கினார். மின்விசிறி கொண்டுவந்தார். காற்றில் களிமண் காய்ந்து வெடிக்கும் என்று சிற்பி அதையும் விரட்டினார். கடைசியாக லிப்ட்காரர் கொசுவலைத் துணியில் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப வலையும் சேத்துப் பிடிக்கட்டுமா?" என்றார் சிற்பி. செய்யக்கூடிய ஆள்தான். லிப்ட்காரர் எடுத்துவிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "கொசு எங்கேருந்து வருது?"

"பீப்பாயிலேருந்து."

"அப்ப அதைக் கவுத்து விடறதை விட்டுட்டு, தலையில எண்ணெய், மூக்குல புகைன்னு ஊரெல்லாம் சுத்தறீங்களே. அந்தாள் கிட்ட வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன?"

கேட்டார். மண் மூன்று மாதம் ஊறியது, ஊறின மண்தான் கைக்கு இழையும், கவிழ்த்தால் கையை ஒடிப்பேன் என்று சிற்பி சொன்னார். அதை வீட்டில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டார் லிப்ட்காரர். மனைவியிடம் தோற்றதையும் சொல்ல மாட்டார், சிற்பியிடம் மல்லுக்கும் நிற்க மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும், கோழைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர் லிப்டின் உள்சுவரில் சுகாதாரத் துறை நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. தேங்கிய தண்ணீரில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் கொசுப் புழு மூச்சு முட்டிச் சாகும் என்று படம் போட்டு எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஏறி இறங்கி அதையே பார்த்தவர். ஆறாம் நாள் சிற்பி வருவதற்கு அரை மணி முன்னால் கொட்டகைக்குப் போனார். பீப்பாயில் எட்டிப் பார்த்தால் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. சில சொட்டு என்றுதான் நோட்டீசில் இருந்தது. ஆனால் அவருக்கு ஐந்து நாள் ஆத்திரம். வீட்டு ஸ்டவ்வுக்கு வைத்திருந்த முழுப் பாட்டிலையும் கவிழ்த்தார். பறந்துகொண்டிருந்த மிச்சக் கொசுக்களை ஒவ்வொன்றாகக் கைதட்டி அடித்தார். கொட்டகையில் ஏற்கனவே வார்னிஷ் நாற்றம். சிற்பிக்கோ வருடம் பன்னிரண்டு மாதமும் மூக்கடைப்பு. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எட்டாம் நாள் தலையில் ஒரே ஒரு தடிப்பு. பத்தாம் நாள் அதுவும் இல்லை. சிற்பி உருண்டைகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டுக் கட்டை விரலால் வழித்துவிட்டார். பதினோராம் நாள் சாயங்காலம் லிப்ட்காரர் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் களிமண் தலையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு புருஷன் தலையைப் பார்த்தாள்.

"அசல்தான்" என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. லிப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்று அவள் அவர் தலையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டதை அன்றைக்குத்தான் மன்னித்தார்.

பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது என்று எழுந்திருக்கப்போனார். சிற்பி இரண்டடி பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"உச்சி அரை அங்குலம் தாழ்ந்திருக்கு. உக்காருங்க."

பீப்பாயில் கையை விட்டுக் கலக்கி அடி மண்ணை அள்ளினார். அத்தனை நாளும் சுரண்டுவதும் வழிப்பதுமாகவே போனதால் புது மண்ணுக்கு வேலையே வந்திருக்கவில்லை. அள்ளின மண்ணைத் தட்டித் தட்டித் தலை முழுக்கப் போர்த்தி, வழவழவென்று இழைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். லிப்ட்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். மண்ணெண்ணெய் சமாசாரம் வாய்வரை வந்தது. சொன்னால் கையை ஒடிப்பார். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். நம் ஆள் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி பார்க்க வருகிறார், பன்னிரண்டு மணிக்கு வெண்கல வார்ப்புக்கு அச்சு எடுக்கிறவர்கள் வருகிறார்கள். ஒன்பதரைக்குச் சாக்கை விலக்கினால் எண்ணெய் பட்ட மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்து, அடியில் இருந்த பழைய மண்டையையும் பிய்த்துக்கொண்டு, பெரியவரின் மூக்கின்மேல் குவிந்து கிடந்தது. புருவத்துக்கு மேலே கம்பியும் கட்டையும்தான். சிற்பி மண் விற்றவனின் ஏழு தலைமுறையையும் திட்டினார். லிப்ட்காரர் வாசலில் நின்று, மண் விற்கிறவர்களே அப்படித்தான் என்றார்.

அரை மணியில் மண்டை செய்ய முடியாது. சிற்பி மூக்கைத் துடைத்து முகத்தைச் சரிசெய்தார். முன்பு சுரண்டிப்போட்டு உலர்ந்து கிடந்த மண்ணில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, புருவத்துக்கு மேலே வட்டமாக விளிம்பு கட்டி, கம்பியை மூடி ஒரு தொப்பி வைத்தார். கண் பார்க்கிறதைத்தான் கை செய்யும் என்ற சத்தியவான், யாரும் எங்கும் பார்க்காத தொப்பியைக் கால் மணியில் செய்து முடித்தார்.

முதலாளி வந்து பார்த்தார். "அப்பா தொப்பி போட்டு நான் பாத்ததில்லையே" என்றார். பிறகு தலையைச் சாய்த்து, "ஆனா கம்பீரமா இருக்கு" என்றார். தொப்பி வெண்கலமாயிற்று.

திறப்பு விழாவுக்குக் கம்பெனி முழுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தது. திரை விலகியதும் எல்லாரும் கைதட்டினார்கள். லிப்ட்காரர் தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தார். மச்சினன் விடுவானா? டைப் அடிக்கிற சகாக்கள் நாலு பேரோடு வந்து வழி மறித்தான்.

"அத்தான், கும்பிடு போடலாம்னு வந்தேன். எங்கே உங்க தலை?"

நாலு பேரும் சிரித்தார்கள். சிற்பி பக்கத்தில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "எண்ணெய் கலந்த மண்ணு சார், அப்படியே வழுக்கிடுச்சு. எப்படிக் கலந்துச்சுன்னே தெரியலை." லிப்ட்காரரின் மனைவி அதைக் கேட்டாள். வீட்டில் காணாமல்போன மண்ணெண்ணெய் பாட்டிலைப் பற்றி அவள் மூன்று தடவை கேட்டிருந்தாள், மூன்று தடவையும் அவர் வேறு பேச்சுக்குப் போயிருந்தார். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. இதற்கு வீட்டில் எத்தனை வருடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று அவர் மனம் கணக்குப் போடத் தொடங்கியது.

"டேய்" என்றாள் அவள், தம்பியிடம். "அந்தத் தொப்பிக்கு உள்ளதான்டா இருக்கு."

"அக்கா, நீ வேற."

"என்ன நீ வேற? நான் கண்ணால பாத்தேன். முழுசா செஞ்சாங்க, ஒரு சொட்டை சொள்ளை இல்லாம. பெரிய மனுஷனுக்கு மரியாதையா இருக்கட்டும்னு அதுமேல தொப்பி வெச்சாங்க. கும்பிடறதுன்னா கும்பிடு, இல்லேன்னா நகரு."

கேலிதான் என்றாலும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். லிப்ட்காரர் இருபத்தைந்து வருடம் காத்திருந்த கும்பிடு. அவர் அதைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்காக ஒரு பொய் சொன்னதில்லை, திட்டுவதற்குக்கூட உள்ளதை மட்டுமே சொல்கிறவள். இன்றைக்கு இத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டாள். அவள் வாய் நிறையத் திட்டியிருந்தால் நிம்மதியாக நின்றிருப்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைத் தூக்க முடியவில்லை.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் அவள்.

அவர் அவளுக்குப் பின்னால் போனார்.