நாற்பத்தொரு பல்

முப்பத்தெட்டாவது பல்லை மெழுகில் பதித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். கோணல். சூடுகாட்டிய கத்திமுனையால் மெழுகை இளக்கி, பல்லை ஒரு மயிரிழை உள்ளே தள்ளுகிறார். "இன்னும் மூணு வச்சா ஒரு லாரி" என்று அறைக்குப் பொதுவாகச் சொல்கிறார். அறையில் வேறு யாரும் இல்லை. மேஜையில் மூன்று பேருடைய வாய்கள் பிளாஸ்டரில் வார்த்தபடி திறந்து கிடக்கின்றன. அவை பதில் சொல்வதில்லை.

இவர் பல் செட் செய்கிறவர். மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பல்லாக்கித் திருப்பி அனுப்புவது இவர் வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி. புருவத்தில் எந்நேரமும் வெள்ளைத் தூள். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார். என்னை வேலைக்குக் கூப்பிட்ட அன்று சம்பளம் பேசும் முன்பே, "மேல வலது பக்கம் ஒண்ணு கட்டின பல்லாச்சே, யாரு செஞ்சது சிஸ்டர்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அவரா? எல்லாருக்கும் சுவத்துக்கு அடிக்கிற வெள்ளைதான் வைப்பாரு" என்றார்.

நான் போவது அவருக்காக அல்ல, பின்னறையில் இருக்கும் அவர் மனைவிக்குக் கை, கால் பயிற்சி கொடுக்க. பதினாறு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஏழு மாதத்துக்கு முன் மூளையில் ரத்தம் அடைத்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் பாதி திரும்பியது. பேச்சு அளந்து அளந்து வருகிறது. கைதான் மக்கர். இந்த நோயில் முதல் ஒரு வருடத்தில் வருவதுதான் பெரும்பாலும் வரவு. பிறகு வருவது கொசுறு. பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தால் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவாள். "நான்... குழந்தையா?" என்பாள்.

லாரி ஓட்டும் வீடியோ கேமைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் கணவர்தான். இரண்டாம் கையாக டிவியில் மாட்டும் ஒரு பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், பழைய கேம் ஒன்று. அதில் வண்டி நகர வேண்டுமானால் வலது ஆள்காட்டி விரலால் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். பந்தைத் தொடாதவள் தினம் மூன்று மணிநேரம் லாரி ஓட்டினாள். விரல் மடங்கியது. கட்டைவிரல் மட்டும் வரவில்லை. கட்டைவிரலால் அமுக்க வேண்டிய பொத்தான் வந்தால் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அமுக்கிவிடுவாள். நான் பார்க்காதபோது மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருக்கும்போதும்.

நான்கு மாதத்தில் அந்த விளையாட்டில் இருந்த சாலை எல்லாம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் பாகம் வந்திருந்தது. மலைப்பாதையும் மழையும் உண்டு. அங்கேதான் இவருக்கு வினை பிடித்தது.

விளையாட்டைச் செய்கிற கம்பெனி ஒரு பெரிய நாட்டில் இருக்கிறது. அந்த நாட்டுக் காசில் ஒரு விலை வைத்து, அதையே நம் காசுக்கு மாற்றி நம் தலையில் கட்டுகிறது. இவர் சும்மா இருக்கிறவரா? பல் செட் செய்கிறவர்களின் சங்கக் குழுவில் நுழைந்து, அந்த நாட்டுத் தொழில்காரர் ஒருவரிடம் ஒரு பல்லுக்கு என்ன கூலி என்று விசாரித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே பல்தான்.

"அங்க ஒருத்தன் மூணு பல்லு பதிச்சா கேம் கைக்கு வந்துடும் சிஸ்டர். நான் நாப்பத்தொண்ணு பதிக்கணும். ஒரு ஆளோட வாய் போதாது. பாதியில ரெண்டாவது ஆளைத் தேடிப் போகணும்!"

இது கூடப் பரவாயில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாட்டில் அதே விளையாட்டு பாதி விலை. அந்த நாட்டுக் காசுக்குக் கம்பெனி தனி விலை போட்டிருக்கிறது. நம் காசு அந்தப் பட்டியலிலேயே இல்லை. "அவங்க என்ன நம்மளவிட ஏழையா? அவங்க ஊர் ஆளுங்க எங்கிட்டதான் வந்து பல்லு கட்டிட்டுப் போறாங்க. அந்த ஆறு அவ்வளவு அகலமா என்ன? நான் நீந்தியே போயிருக்கேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், இவரே ஆளுக்கொரு விலை வைக்கிறவர். கண்ணாடிக் கதவு போட்ட மருத்துவமனைக்கு ஒரு விலை, பேருந்தில் வந்து இறங்கும் கிழவருக்கு அதில் பாதி. ஒருநாள் அதைச் சொல்லிக் காட்டினேன். கையில் இருந்த பல்லை மேஜையில் வைத்துவிட்டார். "நான் இல்லாதவன்கிட்ட குறைக்கறேன். அவன் இல்லாதவன்கிட்டயும் அதையே கறக்கறான். ரெண்டும் ஒண்ணா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க." அன்று முழுவதும் என் கட்டின பல்லையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார். அனுப்பி நிமிர்வதற்குள் பதில் வந்துவிடும்: 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.' ஒருமுறை நாற்பத்தொரு பல்லையும் கறுப்புத் துணியில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் மூன்று பல்லைத் தனியாக வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது. குழந்தைகளுக்கான பல் டாக்டர் விளையாட்டு ஒன்று இருப்பதாகவும் அது அவருக்குப் பிடிக்கக்கூடும் என்றும் எழுதியிருந்தார்கள். விலை பத்தொன்பது பல். பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அடுத்து ஒரு காரியம் செய்தார். விளையாட்டு விற்கும் இணையக் கடையில் தன் கணக்கின் நாட்டை மாற்றி, தான் அக்கரையில் வசிப்பதாகப் போட்டுவிட்டார். கடை உடனே அக்கரை மொழிக்கு மாறியது. பாதி விலையும் தெரிந்தது. பணம் கட்டும் இடத்தில், அந்த நாட்டு வங்கி அட்டை இல்லாததால் திருப்பி அனுப்பிவிட்டது. சரி, பழைய நிலைக்கே போகலாம் என்றால், எந்தப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. அந்த மொழியில் இவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. பழைய விளையாட்டும் மொழி மாறிவிட்டது. மனைவி படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஓட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய் மாட்டுத் தீவனம் இறக்கினாள். "அங்க... யாருக்கோ... பசிக்கும்" என்றாள்.

அக்கரையில் பிறந்து வளர்ந்த துணி வியாபாரி ஒருவர் இவருடைய வாடிக்கையாளர். கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்சாகமாகத்தான் படித்தார். வெளியே வந்தது வெறும் காற்று. அவருடைய பல் செட் பாதி வேலையோடு இவர் மேஜையில் கிடந்தது. நான்கு நாள் வேலையை இவர் ஒன்றரை நாளில் முடித்து, ஈரம் காயாமல் அவர் வாயில் மாட்டினார். வியாபாரி கணீரென்று படித்தார். விதிமுறைகளையும் விடவில்லை. "வேற நாட்டுல இருக்கறதாப் பொய் சொன்னா கணக்கை மூடிடுவாங்களாம்" என்று இவர் பக்கம் திரும்பி, புதுப் பல் இருபத்தெட்டும் தெரியச் சிரித்தார். அவசரத்தில் செய்த அந்த செட்தான் இவர் செய்ததிலேயே நன்றாகப் பொருந்தியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இவருக்கு அதில் சந்தோஷம் இல்லை.

மொழி திரும்பியது. ஆனால் மனைவி ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். லாரியை ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், இரண்டுநாள், ஒன்பது நாள். விரலைப் பிடித்துப் பார்த்தேன். மடங்கியது மறுபடி இறுக ஆரம்பித்திருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பட்டறையில் போய் நின்றேன்.

"நீங்க சொல்றது அத்தனையும் நியாயம்" என்றேன்.

"அப்பாடா, நீங்களாவது சொன்னீங்களே."

"இன்னிக்கே வாங்கிடுங்க."

"நியாயம்னு சொல்லிட்டு வாங்கச் சொல்றீங்களே சிஸ்டர்!"

"ஆமா. விலை அடுத்த வருஷம் குறைஞ்சாலும் குறையும். அந்தக் கை அடுத்த வருஷம் வராது."

மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வங்கி அட்டையோடு பின்னறைக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் மனைவிக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து, அட்டையின் எண்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டு ஏற்றினார். கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்தார். பாக்கி இருந்தது ஒரே ஒரு பொத்தான். அதற்குள் திரையின் அடியில் எதையோ பார்த்துவிட்டார்.

"வரியாம்! வரின்னு தனியா மூணு பல்லு போட்டிருக்கான்! நாப்பத்தி நாலு! ஹாரனுக்கு வேற தனிக் காசு, ஒன்பது பல்லு! வண்டி வாங்கினா ஹாரன் கூட வராதாடா? விடு, வேண்டாம், இவனை விடவே கூடாது—"

கன்ட்ரோலரைப் பிடுங்கக் கையை நீட்டினார். மனைவி இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை அது, அசையவில்லை.

"கஞ்சன்" என்றாள், தடங்கல் இல்லாமல்.

திரையில் 'நன்றி' என்று வந்தது.

"யாரு அமுக்கினது?" என்று என்னை முறைத்தார்.

"நான் இல்ல. அவங்க இடது கை உங்க கையைப் பிடிச்சிட்டிருந்தது. நல்லா யோசிங்க."

யோசித்தார். மனைவி தன் வலது கட்டைவிரலை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் பொத்தான்மேல்தான் இருந்தது.

"நான் பாக்கலையே" என்றார் அவர். "சிஸ்டர், நான் விலையைப் பாத்துட்டிருந்தேன்."

திரையில் லாரி சதவீதம் சதவீதமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, இதையும் வாங்குங்கள் என்று ஹாரன் காத்திருந்தது. ஒன்பது பல்.

இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துத் தேர்வுக் கட்டத்தை ஹாரன்மேல் நகர்த்தினார். மனைவியின் இடது கையைத் தன் மடிக்கு இழுத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். திரையைப் பார்க்கவில்லை. அவள் வாயையும் பார்க்கவில்லை. கட்டைவிரலை மட்டும் பார்த்தபடி, "ம், அமுக்கு" என்றார்.