அக்கா விற்ற வீடு

அக்கா குடியிருந்த கட்டடத்தை நான் இரண்டு முறை அளந்திருக்கிறேன். இரண்டாவது முறைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய நாலு மாடிக் குடியிருப்பு அது. மூன்றாம் மாடியில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். அத்தானுக்கு ஊரை அடுத்த புதுக்கோட்டையில் இரும்புக்கடை. பக்கத்து மனையில் பெரிய வணிக வளாகம் ஒன்று கட்டப்போகிறார்கள், தரைக்குக் கீழேயும் தளம் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அவ்வளவு ஆழம் தோண்டும்போது குடியிருப்பு அசைகிறதா என்று பார்க்கும் வேலை, நான் இருந்த சர்வே கம்பெனிக்குக் கிடைத்தது. எங்களை அமர்த்தியது தோண்டுகிறவர்கள்தான். அதில் ஏதும் கோளாறு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

லேசர் ஸ்கேனரை ஓரிடத்தில் வைத்தால் அங்கிருந்து தெரிகிற சுவர், ஜன்னல், படி எல்லாம் லட்சக்கணக்கான புள்ளிகளாகக் கம்ப்யூட்டரில் வந்துவிடும். ஆனால் கீழ்த்தளத்தில் வைத்த ஸ்கேனருக்கு மேல்தளம் தெரியாது. ஒவ்வொரு தளமும் தனித் துண்டாகத்தான் கிடைக்கும். மாடிப்படி வழியாக ஒன்றோடொன்றை ஒட்டிக்கொண்டே போனால், கீழே வந்த சின்னப் பிசகு மேலே போகப்போக வளர்ந்துவிடும். அதனால் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளை ஜன்னலோரம், பால்கனி, மொட்டைமாடி என்று எல்லாத் தளத்திலும் ஒட்டுவோம். டார்கெட் என்று பெயர். தோண்டும் இடத்துக்கு வெகுதூரம் தள்ளி, தெருவில் ஆணி அடித்து, அந்த ஆணிகளிலிருந்து ஒவ்வொரு அட்டையும் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்து அளப்போம். பிறகு துண்டுகளை அந்த அளவில் கொண்டுபோய்ப் பொருத்தினால், கட்டடம் தெருவில் எப்படி நிற்கிறதோ அப்படியே திரையிலும் நிற்கும்.

முதல்முறை அட்டை ஒட்டப் போனபோது அக்கா சிரித்தாள். “என்னளா, எங்க வீட்டுக்குத் திருஷ்டி கழிக்க வந்தியா?” டீயும் முந்திரி மக்ரூனும் கொடுத்தாள். பால்கனியில் ஒட்டிய அட்டையைப் பிள்ளைகள் பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பார்த்தும்கொண்டாள்.

பிறகு தோண்டினார்கள். ஊற ஊற நீரை மோட்டார் வைத்து இறைத்து ரோட்டோரச் சாக்கடையில் விட்டார்கள். உப்புத்தண்ணீர். அது காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சில மாதம் கழித்து மறுபடி அளக்கப் போனோம்.

அந்தத் துண்டுகளைப் பொருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கீழ்த்தளத்தில் பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே போகப்போகக் கூடியது. மொட்டைமாடி, குழி இருந்த பக்கமாக இரண்டு விரல் அகலம் நகர்ந்திருந்தது. என் கைப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பப் போய் ஆணிகளைச் சரிபார்த்து, எல்லா அட்டையையும் மறுபடி அளந்தேன். அதே இரண்டு விரல்.

மேனேஜரிடம் காட்டினேன். திரையைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டார்கெட்டை விட்ருங்க. பழைய ஸ்கேன் மேல புது ஸ்கேனை அப்படியே உக்கார வைங்க. பொருந்திரும்.”

“பொருந்தத்தான் சார் செய்யும். கட்டடத்தைக் கட்டடத்தோடயே ஒப்பிட்டா சாய்வு எப்படித் தெரியும்?”

சாய்ந்து தொங்கும் படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் நேராகத்தான் தெரியும். அவர் செய்யச் சொன்னது அதைத்தான்.

“கடல்காத்துல அட்டை பெயர்ந்திருக்கும்” என்றார்.

“எல்லா அட்டையும் ஒரே பக்கமாவா சார் பெயரும்?”

அவர் எழுந்துபோய், வேலையைப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். சாயங்காலத்துக்குள் அது முடிந்தது. அசைவு ஏதும் இல்லை என்று கம்பெனி முத்திரையோடு அறிக்கை போனது; குடியிருப்புக்காரர்களுக்கும் ஒரு நகல் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எல்லா வீட்டுக்காரர்களையும் கூட்டுவார்கள், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுப்பார்கள், நானும் கூட நின்று சொல்லலாம் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். அத்தான் டிவியை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இந்தக் கட்டடத்துல வேற யாருக்கும் தெரியுமா?”

“தெரியாது அத்தான்.”

“அப்ப சொல்லாத.”

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவர்கள் வீட்டை விலைபேசி முடித்ததைச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

“எப்படிக்கா மனசு வந்திச்சு?”

“நீ எங்களுக்காகத்தான வந்து சொன்ன? நாங்க தப்பிச்சுட்டோம். பெறகு என்னளா?”

வாங்குகிறவள் பள்ளிக்கூட ஆசிரியை. கடற்கரைத் தெருக்காரி. கணவர் கப்பலில் வேலை பார்த்துச் சேர்த்த காசு. முன்பணம் கொடுத்திருந்தார்கள், பத்திரம் இன்னும் ஆகவில்லை. மாதா கோயில் பூசை முடிந்து வந்தவளை வாசலிலேயே பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

“ஒங்க அக்கா மொதல்லயே சொல்லிட்டாங்க. தங்கச்சிக்கு இந்த வீட்டு மேல கண்ணு, வெலையக் கொறைக்க எதாச்சும் சொல்லிட்டு வருவாள்னு. அசையலன்னு ரிப்போர்ட்டையும் காட்டுனாங்க. ஒங்க கம்பெனி முத்திரைதான மேடம் அது?”

ஆமாம் என்றேன்.

அவள் ஆபீசுக்கும் போன் செய்து விசாரித்திருக்கிறாள். விசாரிக்கத்தானே செய்வாள். மறுநாளே மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பினார். அந்த வாரமே பத்திரமும் முடிந்தது. விளாத்திகுளம் பக்கம் சோலார் போடும் கம்பெனி ஒன்றில் நிலம் அளக்கும் வேலைக்குப் போனேன். வெயில் மட்டும்தான் கஷ்டம்.

வணிக வளாகம் எழும்பி, கீழே துணிக்கடை வந்த பிறகு அந்த ஆசிரியை என்னை அழைத்தாள். போனேன். குளியலறைக் கதவு மூடவில்லை. கூடத்துச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல். அளந்து பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

“கட்டுனவங்ககிட்டப் போய்க் கேட்டோம் மேடம். தோண்டுன நேரத்துல அசையலன்னு ரிப்போர்ட் இருக்கு, அதுக்குப் பெறகு ஆனதுக்கு நாங்க என்ன செய்யன்னு சொல்லுதாங்க.”

நான் அளந்தது எல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது. என் கையில் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. கப்பலிலிருந்து அவள் கணவர் போனில் கூப்பிட்டார். “வீட்டுக்கு ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று அவரிடம் பேசிவிட்டு வைத்தாள்.

“அவங்களுக்கு இன்னும் தெரியாது” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “நானும் வாய மூடிக்கிட்டு யாருக்காச்சும் வித்துரட்டா மேடம்?”

ஒளிக்காமல் சொல்லிப் பழகிய வாய்தான் என்னுடையது. சொன்னதால் யாருக்கு என்ன ஆயிற்று என்றும் எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.