சந்தனம் பூசாத விசில்

1958 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. விடியுமுன் எழுந்து சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். கோப்பியில் தோய்த்து இரண்டு ரொட்டித் துண்டுகள் தின்றேன். மழை இல்லை, மேற்கே மட்டும் சிறு கருமேகம். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காஜா பெராங் சாலை வழியாக ரயில் காட்சிக்கூடத்துக்குப் புறப்பட்டேன்.

காட்சிக்கூடம் என்பது பெரிய பெயர். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோன பிறகு மிஞ்சிய சரக்குக் கொட்டகை அது. கைவிளக்குகள், கொடிகள், ஒரு மணி, ஒரு விசில். இவற்றை வைத்து, போன வருடம் சுதந்திரம் கிடைத்த மாதத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து அதைத் திறந்தோம். சில மாதங்களில் புயல்காற்று கூரையைக் கொண்டுபோயிற்று. ஞாயிறுதோறும் கூடி, தகரம் போட்டு, சுண்ணாம்பு அடித்து, அன்று மறுபடியும் திறக்கவிருந்தோம்.

விசில், காஜா பெராங் வளைவில் குடியிருந்த ஒரு பெண்மணியுடையது. எல்லாருக்கும் அவர் அக்கா. அவர் கணவர் இந்தப் பாதையில் ரயில் ஓட்டியவர். தண்டவாளத்தோடு அவரையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள்; திரும்பவில்லை. போகுமுன் எஞ்சினிலிருந்து அவர் கழற்றி வந்த பித்தளை விசிலை, அக்கா கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார். ஒரே நிபந்தனையோடுதான் எங்களிடம் தந்தார்: அது ஒருமுறையாவது ஊதவேண்டும், அதைத் தான் கேட்கவேண்டும்.

முதல் திறப்பு விழாவில் அது ஊதவில்லை. பூனை சீறுவதுபோல் வெறும் நீராவிதான் வந்தது. அக்கா இலையில் உட்காராமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

காரணத்தை, பஸ் பட்டறை மெக்கானிக் மறுதிறப்புக்கு முந்தின வாரம்தான் கண்டுபிடித்தார். விசிலைக் கழற்றி, அதன் மெல்லிய பிளவை ஊசியால் சுரண்டினார். பொடிப் பொடியாக ஏதோ உதிர்ந்தது.

"துருவா அண்ணே?" என்று கேட்டேன்.

"மோந்து பாருங்க. சந்தனம்லா! ஆயுத பூசைக்கு அப்புற மாதிரி ஆளாளுக்கு அப்பியிருக்கீங்க. வாயை அடைச்சிட்டு ஊது ஊதுன்னா எப்படி ஊதும்?"

அப்படியிருந்தும், சனிக்கிழமை பூசைத் தட்டோடு வந்த எங்கள் குழுவின் கடைக்காரர் பழக்க தோஷத்தில் விசிலை நோக்கியே விரலை நீட்டினார்.

"கையை எடுங்க! பொட்டு வைக்கணும்னா என் நெத்தியில வைங்க!" என்று மெக்கானிக் பாய்ந்தார். கடைக்காரர் அவர் நெற்றியில் தொடங்கி மூக்குவரை இழுத்துவிட்டார். கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குப் பின்னால், ரப்பர் ஆலை ஒன்றில் கழித்துப்போட்ட சிறிய கொதிகலனுக்கு விறகு போட்டோம். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. மெக்கானிக் விசிலை ஊதவைக்கும் சங்கிலியைக் காட்டினார்.

"அக்கா, நீங்களே இழுங்க."

"எனக்கு இழுக்கத் தெரியாது தம்பி. கேக்கத்தான் தெரியும்."

"கேட்ட மாதிரி இழுங்க."

சங்கிலி அவருக்கு எட்டவில்லை. ஒரு பெஞ்சைப் போட்டோம். ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். முதலில் சின்னதாக ஒன்று. கொஞ்சம் பொறுத்து, நீளமாக, விடாமல், இன்னொன்று.

நான் அதை எப்படி எழுதுவது? புதுத் தகரம் அதிர்ந்தது. என் சட்டைப் பொத்தான்கள் நடுங்குவது மார்பில் தெரிந்தது. காகங்கள் மொத்தமாக எழும்பின. உள்ளங்கை அளவுப் பித்தளைக்குள் ஒரு முழு ரயில் அத்தனை வருடம் அடங்கிக் கிடந்திருக்கிறது. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். "கெரெத்தா அப்பி! கெரெத்தா அப்பி!" என்று, ரயில் வந்துவிட்டதாக மலாயில் கத்திக்கொண்டு வந்த ஒருவர், புல் முளைத்த தடத்தின் இரு பக்கமும் ரயிலைத் தேடினார். ஒருவரும் அவரைக் கேலி செய்யவில்லை. நானும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சங்கிலியை விட்டார். "அவருதான்," என்றார். "வளைவுல வரப்போ இப்படித்தான் ஊதுவாரு. சோத்துக்கு ஒலைய வைன்னு அர்த்தம்."

பிறகு இறங்கி, கை கழுவி, பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். ரசத்துக்கு இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மெக்கானிக்கும் நானும் சங்கிலியோடு இன்னும் ஒரு முழம் சேர்த்து, அக்கா தரையில் நின்றபடியே எட்டும்படி தொங்கவிட்டோம்.